கோத்தகிரில நூல் எண்ணின கதை

வியாழன், மலை ஏறின நாள்

ஈரோட்டுல காலைல பஸ் ஏறி கோபி, சத்தி, புளியம்பட்டின்னு வந்து சிறுமுகை தொட்டதும் தூக்கமெல்லாம் போயிடுச்சு. நமக்கு ஊரு சென்னிமலை, பொறந்ததுல இருந்து தறிச் சத்தத்துல வளர்ந்த ஆளு, வழில எந்த ஊர்ல தறி ஓடினாலும் தலை தானா ஜன்னல் பக்கம் திரும்பிடும். எங்க பக்கம் பெட்ஷீட்டும் துண்டும், பவானில ஜமக்காளம், சிறுமுகைல சாஃப்ட் சில்க் புடவை. ஒரே ஜில்லா தூரம்தான், ஆனா நூலும் வேற, தறிக்கட்டும் வேற, கூலிக் கணக்கும் வேற.

மேட்டுப்பாளையத்துல இறங்கி ஒரு டீ, அப்புறம் கோத்தகிரி பஸ். 33 கிலோமீட்டர்தான், வளைவுல வளைவா ஏறணும். சொந்த வண்டில வந்தா 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும், கவர்மெண்ட் பஸ்ல வந்தா அந்த வேலை இல்ல. பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் பைல வச்சிருக்காதீங்க, நீலகிரில அதுக்கு தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போயிடுங்க.

எதுக்கு போறேன்னு சொல்லல பாருங்க. கோத்தகிரில ஒரு சின்ன நெசவுக் குழு இருக்கு. பெரிய போர்டு, ஆபீஸ் எல்லாம் கிடையாது. மாசா மாசம் ஒரு ஹால்ல கூடுவாங்க, ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க, டீ எஸ்டேட்ல வேலை பாக்குற அக்காங்க, தோடர் வீட்டுப் பொம்பளைங்க, படுகர் பாட்டி ஒருத்தங்க, காலேஜ் முடிச்சுட்டு வேலை தேடுற பசங்க ரெண்டு மூணு பேருன்னு கலந்து இருப்பாங்க. கம்பளி நூக்கறது, சாயம் போடறது, சின்னத் தறில நெய்யறது, எம்பிராய்டரின்னு ஒருத்தருக்கு தெரிஞ்சத இன்னொருத்தருக்கு சொல்லிக் குடுக்கறது, அவ்வளவுதான் கூட்டமே. இந்த தடவை தொடர்ந்து சில நாள் பட்டறை மாதிரி வச்சிருக்காங்க. கைத்தறில பாவு, அதாவது நீளவாக்குல ஓடற இழை, ஏத்தத் தெரிஞ்ச ஆள் வேணும்னு அப்பாவைத்தான் கேட்டாங்க, அப்பாவுக்கு முட்டி வலி, குளிர் ஆகாது, அதனால "நீ போயிட்டு வா சாமி"ன்னு என்னை அனுப்பிட்டாரு. பைக்குள்ள ஊடைய (குறுக்கு இழைய) ஓட்டற நாடா ரெண்டு, பாவு இழைய தூக்கி இறக்கற விழுதுக்கு நூல், இழை எண்ற லென்ஸ், அம்மா கட்டிக் குடுத்த புளிசாதம்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்பவே காது அடைச்சுடுச்சு. டீச்சரம்மா ஆட்டோவோட நின்னாங்க. "தறிக்காரரு பொண்ணா நீ, வா கண்ணு, முதல்ல ஸ்வெட்டரப் போடு"ன்னாங்க. கிட்டத்துல கன்னேரிமுக்குல, அப்ப கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819ல கட்டின பங்களா இருக்கு, போற வழில காட்டினாங்க, பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசு பூரா ஹால்லதான்.

வெள்ளி, கம்பளியும் சாயமும்

காலைல ஹாலுக்குள்ள போனா ஒரே ஆட்டு வாசம். சாக்குல கம்பளி, வெட்டினது வெட்டினபடி, எண்ணெய்ப் பிசுக்கோட, முள்ளு, புல்லு, புழுக்கை எல்லாத்தோட. எங்க ஊர்ல நூலுன்னா கடைல சிட்டமா (கட்டுக் கட்டா சுத்தி) வரும், அது செடில இருந்து எப்படி வந்துச்சுன்னு நாங்க பாக்கறதே இல்ல, இங்க ஆரம்பமே ஆட்டு முதுகுல இருந்துதான்.

நீலகிரி ஆடுன்னு தனி இனமே இருக்குங்க. 19ஆம் நூற்றாண்டுல வெள்ளக்காரங்க கொண்டு வந்த டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத் டவுன் கிடாய்ங்கள இங்க இருந்த ஆடுகளோட சேத்து உருவான இனம். தென்னிந்தியாவுல சட்டை துணிக்கு ஆகற அளவு மெல்லிசான கம்பளி தர்ற ஆடு இது மட்டும்தான், மத்ததெல்லாம் கறிக்கும் முரட்டுக் கம்பளத்துக்கும்தான் சரி. இப்ப எண்ணிக்கை ரொம்ப குறைஞ்சு போச்சு. மேயற இடமெல்லாம் டீத்தோட்டம், கம்பளிக்கு வாங்க ஆளில்ல, அப்புறம் யாரு வளப்பாங்க?

துவைக்கறதுல தான் பாதி வித்தை இருக்கு. கை பொறுக்குற சூட்டுல தண்ணி, பூந்திக்கொட்டைய ஊற வச்சு எடுத்த நுரை, அதுக்குள்ள கம்பளிய அமுக்கி விட்டுட்டு சும்மா இருக்கணும். கசக்கவே கூடாது. பருத்தித் துணிய அடிச்சுத் துவைச்ச கை நமக்கு, சும்மா இருக்க கஷ்டமாத்தான் இருந்துச்சு. கம்பளி இழை மேல செதில் அடுக்கு இருக்கு, சூட்டுல அது விரியும், அந்த நேரம் கசக்கினாலோ, திடீர்னு பச்சத்தண்ணிக்கு மாத்தினாலோ செதிலும் செதிலும் கோத்துக்கிட்டு கெட்டியா அப்பிப் போயிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அதனால அலசற தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும். எஸ்டேட் அக்கா ஒருத்தங்க தெர்மாமீட்டர் எல்லாம் வைக்காம புறங்கைய வச்சே சொல்றாங்க, கொழந்தைய குளிப்பாட்டின கைங்க.

மத்தியானம் சாயம். மூணு அடுப்பு. ஒண்ணுல யூகலிப்டஸ் எலை, தைல மரம் 1843 வாக்குல இந்த மலைக்கு வந்தது, இன்னிக்கு எங்க திரும்பினாலும் அதுதான், எலைக்கு பஞ்சமே இல்ல. எலைய ஒரு மணி நேரத்துக்கு மேல கொதிக்க விட்டு அதுல கம்பளியப் போட்டா சாயத்த ஒட்ட வைக்கற படிகாரம் கூட இல்லாம காக்கி கலந்த மஞ்சள் ஒண்ணு ஏறிக்குது. கம்பளிக்கு அந்த குணம் உண்டு, பருத்தி இவ்வளவு சுலபமா சாயத்தப் புடிக்காது, அதுக்கு கடுக்காய் குடுத்து, படிகாரம் குடுத்து கெஞ்சணும். ரெண்டாவது அடுப்புல டீத்தூள், ஃபேக்டரில கழிச்சுப் போட்டது. அதுல துருப்பிடிச்ச ஆணி ஊற வச்ச தண்ணிய கொஞ்சமா விட்டதும் பழுப்பா இருந்த கம்பளி கண்ணு முன்னாடியே சாம்பலாகி கருப்பு பக்கம் போச்சு, டீல இருக்கற டேனின்ங்கற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேந்தா கருப்பாகும். இரும்பு அதிகமாப் போனா இழை முறுமுறுன்னு ஆயி சீக்கிரம் இத்துடும், அளவு முக்கியம்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஊசிக்களான்னு ஒரு முள்ளுச்செடி, இந்த மலைச் சோலை ஓரத்துல வளர்றது, வேலி ஓரம் கழிச்ச குச்சிய மட்டும் கொண்டு வந்திருந்தாங்க. தோலச் சீவினா உள்ள கட்டை பளிச்னு மஞ்சள். இதுக்கு தாவரவியல்ல பெர்பெரிஸ் டிங்டோரியான்னு பேரு, 1819ல இங்க வந்த பிரெஞ்சுக்காரர் லெஷெனோ வச்சது. டீச்சரம்மா 100 கிராம் கம்பளிக்கு 12 கிராம் படிகாரம்னு எடை போட்டு மொத நாளே ஊற வச்சிருந்தாங்க, அதை இந்த கஷாயத்துல முக்கி எடுத்தப்ப வந்த மஞ்சள் இருக்கே, மஞ்சத்தூள் போட்டாலும் அப்படி வராது. ஆனா வெயில்ல வச்சா இந்த மஞ்சள் மங்கும்னு அவங்களே சொல்லிட்டாங்க, விக்கறப்ப இதை வாங்கறவங்ககிட்ட கட்டாயம் சொல்லணும்னும் சொன்னாங்க. அந்த நேர்மை எனக்கு புடிச்சிருந்துச்சு.

காட்டுச்செடிய வெட்டி சாயம் காய்ச்சறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அவங்களுக்கும் இல்ல. கழிச்ச குச்சி, உதுந்த எலை, ஃபேக்டரி கழிவு, வெட்டித் தள்ள வேண்டிய சீகை (வாட்டில்) மரத்துப் பட்டை, இதுக்குள்ளயே எத்தனை நிறம் எடுக்கலாம்னுதான் பாக்கறாங்க.

சனி, தோடர் அக்காவோட ஊசி

இன்னிக்கு நடந்தத எழுத கொஞ்சம் நேரமாகும், படிக்கறவங்க பொறுத்துக்கோங்க.

தோடர் எம்பிராய்டரி கேள்விப்பட்டிருப்பீங்க, வெள்ளையா இருக்கற முரட்டுப் பருத்தித் துணில செவப்பும் கருப்புமா கம்பளி நூல் வேலை, பூத்துக்குளின்னு போர்த்திக்கற சால்வை. 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. நீலகிரிப் பழங்குடியான தோடர்கள் மொத்தமே ரெண்டாயிரம் பேரு வாக்குலதான், இந்த வேலை செய்யறது பொம்பளைங்க. போர்த்திக்க மட்டும் இல்ல, அவங்கள்ல ஒருத்தர் இறந்தா உடம்ப மூடறதும் இந்த சால்வைலதான், அதனால இதை வெறும் டிசைனா பாக்கறது தப்பு.

ஊட்டிப் பக்கத்து மந்துல (தோடர் குடியிருப்புல) இருந்து வந்த அக்கா என்னை விட பத்து வயசு பெரியவங்க இருக்கும். ஜன்னலோரம் வெளிச்சத்துல உக்காந்தாங்க. சட்டம் இல்ல, ரிங் இல்ல, பென்சில் கோடு இல்ல, பேப்பர்ல வரைஞ்ச டிசைனும் இல்ல. துணிய மடில போட்டு, இடது கை விரலுக்கு மேல இழுத்துப் புடிச்சுக்கிட்டு ஊசிய உள்ள விட்டாங்க. நான் பக்கத்துல போயி ஊசி முனையவே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை குத்தி நாலஞ்சு இழைய அள்ளுது, அடுத்து கொஞ்சம் விட்டு திரும்ப அள்ளுது, அடுத்த வரிசைல ஒரு இழை தள்ளி ஆரம்பிக்குது, அப்படியே சாய்வா ஒரு கோடு எழும்பி வருது, அது எருமைக் கொம்போட ஒரு பக்கம். நூல இழுக்கறப்ப கடைசி வரைக்கும் இறுக்கல, ஓரத்துல துளியூண்டு வளையமா புடைச்சு நிக்கற மாதிரி விட்டுடறாங்க. வேணும்னே விடறது அது, அதனாலதான் தடவிப் பாத்தா மேடு மேடா இருக்கு. வேலை நடக்கறது துணியோட பின்பக்கத்துல, நல்ல பக்கம் மறுபுறம் தானா உருவாகுது.

"எப்படிக்கா எண்றீங்க, வாய் கூட அசையலையே?"ன்னு கேட்டேன்.

"எண்றது கண்ணு இல்லம்மா, ஊசிதான். ஊசி முனைல இழை தட்டும், அது எனக்கு தெரியும். அம்மாகிட்ட உக்காந்து பாத்து பாத்து வந்தது"ன்னாங்க.

எனக்கு குடுத்தாங்க, செஞ்சேன், வரிசை வந்துச்சு, மெதுவா வந்துச்சு. பாவு இழை எண்ணி எண்ணி பழகின கைக்கு அந்த தட்டல் புரிஞ்சுது. அக்கா என் கையப் பாத்துட்டு, "நீங்க துணி செய்யறவங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன். உடனே மடில இருந்த துணிய என்கிட்ட நீட்டி, "அப்ப இதப் பாரு, ஏன் இதுல எனக்கு கொம்பு நீளமா போகுது"ன்னாங்க.

பைல இருந்து லென்ஸ எடுத்தேன். ஒரு இன்ச் சதுரம், ஊசியால இழைய ஒவ்வொண்ணா தள்ளி எண்ணினேன், அவங்க மூச்சு விடாம பாத்துக்கிட்டு இருந்தாங்க. பாவு இன்ச்சுக்கு 40, ஊடை 32. விஷயம் அங்கதான் இருந்துச்சு. அவங்க அகலத்துல 40 இழை எண்ணி, உயரத்துலயும் 40 இழை எண்ணி சதுரமா ஒரு பூ போட்டா, அகலம் ஒரு இன்ச் வரும், உயரம் ஒண்ணேகால் இன்ச் போயிடும். அவங்க எண்ணினது சரி, துணி சரியில்ல. விசைத்தறில மீட்டர் கணக்குக்கு அவசரமா ஓட்டின துணி அது, ஊடைய குறைச்சா நூல் மிச்சம், நேரமும் மிச்சம், போட்டுக்கற சட்டைக்கு அது ஒண்ணும் தெரியாது, ஆனா இழை எண்ணி வேலை செய்யற கைக்கு அது பொய்க்கணக்கு. அதுவும் கஞ்சி கெட்டியா போட்டிருந்தாங்க, ஊசி நுழையறப்பவே கரகரன்னுச்சு. துவைச்சா சுருங்கும், அதுவும் பாவு பக்கம் ஒரு மாதிரி, ஊடை பக்கம் ஒரு மாதிரி.

பழைய சால்வை ஒண்ணையும் எடுத்துக் காட்டினாங்க, அவங்க மாமியார் செஞ்சது. அதுல துணிய எண்ணிப் பாத்தேன், பாவும் ஊடையும் அனேகமா சமம். யாரோ ஒரு நெசவாளி, எந்த ஊரோ, குழித்தறில உக்காந்து ஒவ்வொரு ஊடைக்கும், அத நெருக்கற அச்ச ஒரே அளவுல தட்டியிருக்காரு. கைல தட்டறதுல ஒரு நாள் பூரா ஒரே அளவு வர்றது எவ்வளவு கஷ்டம்னு தறிக்கார வீட்டுல பொறந்தவங்களுக்கு தெரியும். காலைல ஒரு தட்டு, மத்தியானம் சாப்பிட்டு வந்து ஒரு தட்டு, கை அசந்தா ஊடை கலகலன்னு போயிடும், அப்பா அதுக்காக என்கிட்ட எத்தனை தடவை கத்தியிருக்காரு.

தோடர்கள் துணி நெய்யறதில்ல. அந்தக் காலத்துலயே துணி சமவெளில இருந்துதான் மேல வந்திருக்கு, தைக்க நார் மட்டும் இங்க வளர்ற, தொட்டா சுளீர்னு எரியற காஞ்சொறி வகைச் செடில இருந்து எடுத்திருக்காங்க. செவப்பு, கருப்பு பட்டைக் கோடு கூட தறிலயே போட்டு வர்றதுதான், ஆறு இன்ச் இடைவெளில, அந்தக் கோடுகளுக்கு நடுவுலதான் ஊசி வேலை வரும். அப்ப இந்த சால்வை ரெண்டு பேரு வேலை. கீழ ஒரு தறி, மேல ஒரு ஊசி. எம்பிராய்டரி பத்தி பேசறவங்க எல்லாரும் ஊசியப் பத்தி மட்டும் பேசறாங்க, அதுல எனக்கு வருத்தம்தான், மறைக்கல. அக்காகிட்ட இதச் சொன்னேன். "நல்ல துணி கெடைச்ச அன்னிக்கு கை தானா ஓடும்மா, அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா நான் ஒரு நாள் கும்பிட்டுட்டு வருவேன்"ன்னாங்க. எனக்கு பேச்சே வரல.

சாயங்காலம் படுகர் பாட்டி டீ குடிச்சுக்கிட்டே இதுக்கு ஒரு துணை சேதி சொன்னாங்க. படுகரோட தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைல அம்மனுக்கு துணி நெய்ய, நெசவு செய்யற தேவாங்கருங்க தறியோட மலை ஏறி வருவாங்கன்னு அவங்க பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்காங்களாம். இது வெறும் பேச்சு இல்லைங்க, தென்னிந்திய சாதிங்க பத்தி எழுதின எட்கர் தர்ஸ்டன் 1909லயே பதிவு பண்ணியிருக்காரு, பேரகணி ஹெத்தை விழாவுக்கு மேட்டுப்பாளையம் பக்கத்து நெல்லித்துறைல இருந்து நெசவாளிங்க வந்து நெய்ஞ்சு குடுப்பாங்கன்னு. பாட்டி வெள்ளை முண்டும் துண்டுமா உக்காந்து இதச் சொல்லச் சொல்ல, கீழ இருந்து வந்த நெசவுக்காரி நான் ஒண்ணும் புதுசா வரலேன்னு தோணுச்சு.

ஒரு சின்ன தகவல், ஊட்டி பக்கம் வாங்கறவங்களுக்காக. மெஷின்ல அடிச்ச நகல் நிறைய வந்துடுச்சு. துணியத் திருப்பிப் பாருங்க. கை வேலைன்னா ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கும், இழை எண்ணின ஒழுங்கு தெரியும், ஒரு பக்கத்துல அந்த குட்டி வளைய மேடு இருக்கும். மெஷின் வேலைல பின்னாடி அடி நூல் வேற மாதிரி ஓடும், பல சமயம் தாள் மாதிரி ஒரு துணி ஒட்டியிருக்கும். பிரிண்ட்னா கேக்கவே வேண்டாம். ஒரு முழு சால்வைக்கு வீட்டு வேலைக்கு நடுவுல செஞ்சா மாசக்கணக்குல ஆகுதுங்க, அதனால முந்நூறு ரூவாய்க்கு ஒரிஜினல்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஞாயிறு, பாவு ஏத்தினது

நான் வந்த வேலை இன்னிக்குத்தான். லோக்கல் ஆசாரி செஞ்ச சின்ன மேசைத் தறிங்க, மரம் நல்ல மரம், விழுது மட்டும் தளர்ந்து கெடந்துச்சு. விழுதக் கட்டி, அச்சுல இழை கோத்து, பாவ ஒரே இறுக்கத்துல சுத்தி முடிக்க சாயங்காலம் ஆயிடுச்சு. இழுவை ஒரு பக்கம் தளர்ந்தா துணி கோணும், அதனால ரெண்டு பேரு புடிச்சு ஒருத்தர் சுத்தணும். காலேஜ் பையன் ஒருத்தன், "அக்கா, யூடியூப்ல இதெல்லாம் சட்டுன்னு முடிச்சுடறாங்களே"ன்னான், அடுத்த ஒரு மணி நேரத்துல அவனே எல்லாரையும் விட நிதானமா அறுந்த இழைய முடி போட்டுக்கிட்டு இருந்தான், நல்ல கை அவனுக்கு.

மஞ்சளும் சாம்பலுமா வெள்ளிக்கிழமை சாயம் போட்ட கம்பளிய ஊடையா குடுத்து ஆளுக்கு ஒரு சாண் நெய்ஞ்சோம். எஸ்டேட் அக்கா ஒருத்தங்க நாடாவ விடறப்ப, நாள் பூரா கொழுந்து பறிச்சா கூட கைக்கு இப்படி ஒரு நிம்மதி இல்லன்னு சொன்னாங்க. அப்புறம் பேச்சு கூலிக்குப் போச்சு. அங்க எனக்கு கொஞ்சம் வாக்குவாதம். இதெல்லாம் சந்தோஷத்துக்கு செய்யறது, விலை பத்தி பேசக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. சந்தோஷமா செய்யலாம், ஆனா விலை வச்சா மணிக்கணக்குக்கு வைக்கணும்னு நான் சொன்னேன். எங்க வீட்டுல தறி நின்னா அன்னிக்கு அடுப்பு யோசிச்சுத்தான் எரியும். நீங்க குறைச்ச விலைக்கு வித்தா, அதையே பொழப்பா செய்யறவங்க விலையும் கீழ இறங்கும். டீச்சரம்மா ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, விக்கற ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு சீட்டு எழுதி கட்டணும்னு முடிவு பண்ணினாங்க. நானும் ஒண்ணு சேத்துக்கச் சொன்னேன், அடித்துணிய எந்த ஊர்ல யாரு நெய்ஞ்சாங்கன்னும் அந்த சீட்டுல வரணும்னு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

திங்கள், சாண்டிநல்லா

திரும்பற முன்னாடி ஆட்டப் பாக்காம போனா எப்படின்னு காலைலயே ஊட்டி பஸ். தொட்டபெட்டா சரிவுல கேரட் வயல், பனி, வழக்கமான கூட்டம். ஊட்டில இருந்து கூடலூர் ரோட்டுல போனா சாண்டிநல்லா, அங்கதான் கால்நடை மருத்துவ பல்கலைக்கழகத்தோட ஆடு ஆராய்ச்சி நிலையம், நீலகிரி இனத்தக் காப்பாத்தி வச்சிருக்கற இடம். ரோட்டுல இருந்தே புல்வெளில மேயறது தெரிஞ்சுது, வெள்ளை வெள்ளையா. வெள்ளிக்கிழமை நான் கசக்காம புடிச்சிருந்த கம்பளி இதுங்க முதுகுலதான் வளர்றதுன்னு நெனச்சு ரொம்ப நேரம் நின்னு பாத்தேன்.

அங்க இருந்தே அப்பாவுக்கு போன் போட்டேன். பழைய சால்வைல எண்ணின கணக்க சொன்னேன். பாவும் ஊடையும் சமமா, கஞ்சி லேசா, ஆறு இன்ச்சுக்கு ஒரு தரம் செவப்பும் கருப்பும் கோடு. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "எத்தனாம் நம்பர் நூலு, கேட்டியா"ன்னாரு, நூல் எவ்வளவு மெல்லிசுன்னு சொல்ற கணக்கு அது. துணில இருந்து ஒரு துண்டு அக்கா வெட்டிக் குடுத்திருக்காங்கப்பா, கொண்டு வர்றேன்னேன். "கொண்டா. பத்து மீட்டர் ஓட்டிப் பாப்போம். துவைச்சு, சுருக்கம் பாத்து, அப்புறம் மேல அனுப்பலாம்"ன்னாரு.

அடுத்த கூட்டத்துக்கு அந்த பத்து மீட்டரோட போறேன். இந்தப் பக்கம் தறி வச்சிருக்கற யாராவது இதப் படிச்சா, சமமா தட்டற கை உங்ககிட்ட இருந்தா, எனக்கு சொல்லுங்க, கோத்தகிரில அதுக்கு ஆளுங்க காத்திருக்காங்க.